தட்டைக் கூரைக்குச் சந்தனம்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருடம் ஊரில் எல்லாருக்கும் தட்டைக் கூரை ஆசை பிடித்துவிட்டது. தெங்கேராவில் கட்டப்போகும் ஒரு மண்டபத்துக்கும் அதுதான் வேண்டுமென்றார்கள். வரைய முடியுமா என்று, கட்டடப் படம் வரைந்து கொடுக்கும் எங்கள் ஆபீஸின் முதலாளி கேட்டார். சீனர்; தவுக்கே என்போம். ஓட்டுக் கூரை தவிர வேறெதுவும் வரைந்தறியாத நான், "ஏன் முடியாது?" என்றேன். நாற்பது வயதாகியும் இந்த வாய்க்குப் புத்தி வரவில்லை.

ஆபீஸ் அலமாரியில் புதுமாதிரிக் கட்டடங்களைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்று உண்டு. கண்ணாடிச் சுவர், சிமெண்டுத் தூண், தட்டைக் கூரை எல்லாம் படமும் அளவுமாக இருக்கும். வெளியே எடுத்துப் போகக் கூடாது. எடுத்துப் போனேன். காஜா பேராங்கில் என் வீட்டு மேஜையில் வைத்து, கூரைப் பக்கத்தில் காலண்டர் தாளைச் செருகிவிட்டுப் படுத்தேன்.

காலையில் மேஜை காலி. அன்று சரஸ்வதி பூஜை. பிள்ளைகளின் பாடப் புத்தகங்களுக்கு அடியில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு அது கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"என்ன இது? அது ஆபீஸ் புத்தகம்."

"வீட்டுல இருக்கறதிலேயே பெரிசு அதுதாங்க," என்றாள் மனைவி. "நாளைக்குக் காலையில பூஜை முடியறதுக்குள்ள தொட்டீங்கன்னா, பிள்ளைங்க பரீட்சைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

வெறுங்கையோடு கிளம்பினேன். சைக்கிளில் போகும்போதே வேலை போய், வீடு போய், உஜோங் பாசிரில் மீன் விற்கும்வரை மனசுக்குள் வாழ்ந்து முடித்துவிட்டேன். மீனும் விற்கவில்லை.

தவுக்கே அலமாரிமுன் நின்றிருந்தார். மலாயில் கேட்டார்: "புத்தகம் எங்கே?"

வழிநெடுக யோசித்த பொய்களில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. "எங்க வீட்டுல, சாமிகிட்ட இருக்கு. இன்னிக்கு யாரும் தொடக்கூடாது."

"புத்தகத்துக்கு லீவா?"

"ஒரு நாள்தான், தவுக்கே."

"நாளைக்கு மண்டபக்காரங்க வர்றாங்களே," என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மீன் வியாபாரம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை புத்தகத்தை அவர்முன் வைத்தேன். திறந்ததும் காலண்டர் தாள் இருந்த பக்கம் விரிந்தது.

"வரையத் தெரியும்னு சொன்னியே?"

"தெரியாது, தவுக்கே."

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியாது. நேத்து பூரா அதுக்குத்தான் தவிச்சேன்."

நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொண்டு இருவரும் விரல் வைத்துப் படித்தோம். தண்ணீர் வடிய, தட்டைக் கூரைக்கும் கொஞ்சம் சரிவு வேண்டும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. மண்டபக்காரர்கள் வந்தபோது, பிறந்ததிலிருந்து அதையே வரைந்தவர்கள் மாதிரி பேசினோம்.

அவர்கள் போனதும் ஈரத்துணியால் அட்டையைத் துடைக்கப் போனேன். தவுக்கே கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தனம் இருக்கட்டும். மண்டபம் ஒரு மழைக்காலம் தாண்டட்டும். அப்புறம் துடைக்கலாம்."