தளத்துக்கு அடியில் பொற்கொடி

பொற்கொடிக்குத் தறிச்சத்தம் ஆகாது. சோமனூரில் பிறந்து, தறி ஓட்டுகிற கதிரைக் கட்டிக்கொண்டு, நாலு பக்கமும் தறி ஓடுகிற தெருவில் குடியிருக்கிற ஒருத்தி இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான மறுவருடமே மாசாணம் மேஸ்திரியின் ஆட்களோடு சேர்ந்து கோயமுத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போக ஆரம்பித்துவிட்டார். மாசாணம் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. மண் சுமந்து, கல் சுமந்து, கலவை சுமந்து பொற்கொடியின் முப்பதுகள் அப்படியே கழிந்தன.

கான்கிரீட் தளம் போட்டால், அது இறுகும்வரை பாரத்தைத் தாங்குவது கீழே வரிசையாக நிற்கும் இரும்பு முட்டுகள். வேலைக்காரர்கள் அதை ஜாக்கி என்பார்கள். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயை வேண்டிய உயரத்துக்கு இழுத்து, அதிலுள்ள துளையில் கெட்டியான பின் ஒன்றைச் செருகித் திருகினால் மேலே முட்டுக் கொடுத்து நிற்கும். மொத்தப் பாரமும் அந்தப் பின்னின் மேல்தான். அந்தப் பின் தொலைந்துபோனால் வேறு வாங்கிப் போட வேண்டும். ஆனால் வேலை நடக்கிற இடத்தில் கால் இடறுகிற பக்கமெல்லாம் கம்பித் துண்டு கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துச் செருகிவிடுவது சுலபம்.

ஒரு வீட்டு முகப்புத் தளம் போட்ட அன்று நடந்ததும் அதுதான். மேலே கான்கிரீட் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தை எடுக்கப் பொற்கொடி அடியில் நுழைந்தார். பக்கத்தில் ஒரு ஜாக்கி கை மடங்குவதுபோலச் சட்டென்று உள்ளே இறங்கியதைப் பார்த்தார். அடுத்தது சாய்ந்தது. ஓடத் திரும்புவதற்குள் தளத்தின் ஒரு மூலை அப்படியே கீழே வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஈரக் கான்கிரீட்டும் அதைத் தாங்கியிருந்த இரும்புத் தகடும் அழுத்த, ஆட்கள் வந்து இழுக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணுக்கு நேரே கிடந்த ஒரு கம்பித் துண்டை. வளைந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி, ஆபரேஷன், கட்டில், ஊன்றுகோல் என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இனி தலைச்சுமை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நம்ம தறிக்கே வந்துரு. உக்காந்துட்டே நூல் சுத்தலாம்" என்றார் கதிர்.

"நான் கட்டட வேலைக்கே போறனுங்க."

"அந்தக் காலை வெச்சுட்டா?"

"காலு போனது அங்கதானுங்க. அங்கயே நின்னு பாக்கோணும். இல்லீனா ஒவ்வொரு கட்டடத்தப் பாக்கயிலும் பயந்துட்டே கெடப்பேன்."

கதிருக்கு அது புரிந்ததா தெரியாது. மறுநாள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார்.

மாசாணம் வேலையில்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தார். அன்றைக்குக் கம்பியை மாட்டச் சொன்னது அவர்தான். அது பொற்கொடிக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

"எனக்குச் சுமக்கற வேலை வேண்டாங்ண்ணா" என்றார் பொற்கொடி. "தளம் போடறக்கு முன்னால அடியில போயி ஒவ்வொரு ஜாக்கியும் நாந்தான் பாப்பேன். நான் செரின்னு சொன்னாத்தான் கான்கிரீட்."

"அதுக்குத்தான் இன்ஜினீயர் இருக்காங்களே அம்மணி."

"அவங்களும் பாக்கட்டும். நானும் பாக்கறேன்."

மாசாணம் தலையாட்டினார். பெருக்க, தண்ணீர் அடிக்க, சாமான் எண்ண ஒரு ஆள் எப்படியும் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

ஆனால் பொற்கொடி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். இன்ஜினீயர் சண்முகப்பிரியா, அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், வரும்போதெல்லாம் ஏதாவது கேள்வி காத்திருக்கும். வளைந்த குழாயை நிமிர்த்திப் போட்டால் என்ன? நிமிர்த்தினாலும் அது பழைய பாரம் தாங்காது, ஒதுக்கிவிட வேண்டும். கடைசித் துளைவரை இழுத்தால்? நீளம் கூடக் கூடத் தாங்கும் சக்தி குறையும். சண்முகப்பிரியா சலிக்காமல் சொன்னார். சிலதை அவரே போய்ப் படித்துவிட்டு வந்து சொன்னார். தளம் போடும் நாட்களில் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அடியில் நுழைந்து பார்த்துவிட்டு நடுவில் சந்திப்பார்கள். ஆட்கள் பொற்கொடியை இன்ஸ்பெக்டரம்மா என்று கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

சிங்காநல்லூரில் ஒரு மாடி வீடு. முன்கூடம் இரண்டு தள உயரம். முந்தின நாள் பொற்கொடியும் சண்முகப்பிரியாவும் பார்த்தபோது பின்வரிசைக்கு மட்டும் ஜாக்கி நிறுத்துவது பாக்கியிருந்தது. அளவான ஜாக்கி மாலையில் வந்துவிடும் என்றார்கள். விடியற்காலையில் மழை பெய்தது. காலையில் பொற்கொடி வந்தபோது கான்கிரீட் லாரி உருளை சுற்றியபடி வாசலில் நின்றது. வீட்டுக்காரரின் சொந்தபந்தம் பூஜை முடித்துச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பொற்கொடி நேராகப் பின்வரிசைக்குப் போனார். அளவான ஜாக்கி வரவில்லை. குட்டை ஜாக்கிகளைக் கடைசித் துளைவரை இழுத்துவிட்டு, அதுவும் எட்டாததால் அடியில் ஹாலோ பிளாக் கல்லைக் கொடுத்திருந்தார்கள். கல் நின்றது புதிதாகக் கொட்டிய மண்ணில். மழையில் மண் குழைந்திருந்தது. மூன்று நான்கு ஜாக்கிகளில் பின்னுக்குப் பதில் கம்பி.

வெளியே வந்து மாசாணத்திடம் சொன்னார்.

"வண்டி வந்து நிக்குது அம்மணி. இன்னும் செத்த நேரம் போனா இறுகிப்போயிரும். ஒண்ணும் ஆவாது."

"அன்னைக்கும் இதயேதானுங்ண்ணா சொன்னீங்க."

மாசாணத்தின் முகம் மாறியது. கான்கிரீட்டை விடச் சொல்லிப் பம்ப் ஆளைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

பொற்கொடி திரும்பி நடந்தார். ஜாக்கிகளுக்கு நடுவே போய் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடியில் ஆள் இருக்கும்போது கான்கிரீட் விட மாட்டார்கள். அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான். தலைக்கு மேலே தகடுகளைப் பார்த்ததும் இடது தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழவில்லை.

மாசாணம் குனிந்து கத்தினார். "வெளியில வா. வீட்டுக்காரர் பாத்துட்டு இருக்காரு."

"ஜாக்கிய மாத்துங்க. வாரேன்."

சண்முகப்பிரியாவுக்குப் போன் போனது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தவர் நேராக அடியில் நுழைந்தார். ஒரு கல்லைக் காலால் தள்ளினார். அது ஆடியது.

"நேத்து நான் பாத்தப்ப இது இல்லையே அக்கா."

"நான் போனதுக்கப்பறம் வெச்சிருக்காங்க."

"வாங்க, வெளியில போலாம். நானும் நீங்களும் இங்க நிக்கறதே தப்பு. வண்டிய நான் திருப்பி அனுப்பறேன்."

அவர் சொன்னதை நம்பிப் பொற்கொடி எழுந்து வந்தார். சண்முகப்பிரியா வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் பேசினார். வீட்டுக்காரர் கத்தியது தெருமுனைவரை கேட்டது. நல்ல நேரம் போய்விட்டது, சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போய்விட்டது, முந்தின நாளே ஏன் பார்க்கவில்லை. கடைசிக் கேள்வி நியாயமானது. சண்முகப்பிரியா அதற்குச் சாக்குச் சொல்லவில்லை. லாரி வேறு வேலையிடத்துக்குத் திரும்பிப் போனது.

"நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்றார் மாசாணம்.

"செரிங்ண்ணா. இன்னைக்கு வேலைய முடிச்சுப்போட்டுப் போறேன்."

மத்தியானம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து உயர ஜாக்கிகள் வந்தன. மண்ணைக் கெட்டியாக இடித்து, அகலப் பலகை பரப்பி, அதன் மேல் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். பொற்கொடி தூக்குக்குண்டு பிடித்து நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றோடொன்று குழாயால் குறுக்கே இணைத்துக் கட்டினார்கள். மாசாணம் அவரிடம் பேசவில்லை. ஆனால் ஒரு ஆள் பின்னைத் தேடிக்கொண்டிருந்தபோது, "கம்பி எடுக்காத, அந்த மூட்டையில இருக்குது பாரு" என்று அதட்டினார்.

திங்கட்கிழமை காலையில் தளம். விடிந்ததும் பொற்கொடியின் போன் அடித்தது.

"எங்க இருக்கே?" மாசாணத்தின் குரல்.

"பஸ்ஸுலங்ண்ணா. ஒண்டிப்புதூர் தாண்டிப்போட்டேன்."

"செரி, வா. பாத்துச் சொல்லு. அதுக்கப்பறந்தான் வண்டி."

அன்று கான்கிரீட் விழுந்து முடியும்வரை பொற்கொடி தளத்துக்கு வெளியே, வெயிலில், ஜாக்கி வரிசைகள் தெரிகிற இடத்தில் நின்றார். அடியில் யாரும் நுழையாமல் கயிறு கட்டியிருந்தது. எதுவும் அசையவில்லை. பழைய முட்டோடு போட்டிருந்தால் விழுந்திருக்குமா, விழுந்திருக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் கடைசிவரை அவரைப் பார்த்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. பொற்கொடி அதை எதிர்பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். மாசாணம் டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்ண்ணா" என்றார் பொற்கொடி. "ஜாக்கி பிரிக்கற அன்னைக்கும் நான் இருக்கோணும். இன்ஜினீயர் மேடம் செரின்னு சொல்லாம ஒண்ணுகூடக் கழட்டக் கூடாது."

"செரி."

"அடுத்த எடத்துல சாமான் எறங்கயிலயே நான் பாப்பேன். வளஞ்சது, மரை போனது எல்லாம் அதே வண்டியில திரும்பிப் போயிரோணும்."

மாசாணம் டீயை உறிஞ்சினார். "சொல்லி முடிச்சுட்டியா அம்மணி?"

"இன்னும் இருக்குதுங்ண்ணா" என்று பொற்கொடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.