தண்ணீர் திரும்பும் நேரம்

எங்கள் மலையில் தண்ணீருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். கீழே போவது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் ஒரு சட்டை போனால் போனதுதான். துவைக்கப் போன பெண்கள் பத்தடி ஓடிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்து ஆற்றை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்புவார்கள். போன சட்டை மேலே ஏறி வந்து யாரும் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவியியல் வாத்தியாரான நான் செய்த முட்டாள்தனம் இதிலிருந்துதான் வந்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆனி மழையில், என் அக்காவின் கணவரை, என் மச்சானை, அந்த ஆறு கொண்டுபோனது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்தவர், பாலத்தைச் சுற்றிவரச் சோம்பல்பட்டுக் கல்மேல் கால்வைத்துத் தாண்டினார். தினமும் தாண்டிய கல்தான். இரண்டு மைல் கீழே ஒரு மதகில் அவருடைய செருப்பு ஒன்று கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

உடல் இல்லாததால் கருமாதி செய்யவில்லை. அக்கா பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனாள். மற்ற நாட்களில் அவளைப் பார்த்தால் எல்லாரையும்போலத்தான் இருப்பாள். சிரிப்பாள், சண்டை போடுவாள். மழை பிடித்து ஆற்றின் இரைச்சல் கூடினால் மட்டும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நிற்பாள். நாங்கள் யாரும் கூப்பிட மாட்டோம். கொஞ்ச நேரம் கழித்துத் தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்து அடுப்பை ஊதுவாள்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. ஒண்ணு, அவரு இருக்காருன்னு சொல்லுங்க. இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டும் இல்லாம எப்புடி மணவறைப் பக்கம் வருவீங்க? நாலு பேரு கேப்பாங்கல்ல."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாலு பேர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் பந்தி அவர்களுக்குத்தான். ஆனால் சம்பந்தி வீட்டார் பஸ் ஏறிய பிறகு, நானும் அதையேதான் அக்காவிடம் சொன்னேன். இன்னும் நயமாகச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நம்ம ஆறு கொத்மலைக்குப் போயி மகாவலியில சேருது. மகாவலி திருகோணமலையில கடல்ல விழுது. அங்க போயி காரியத்த முடிச்சிருவோம்க்கா."

"அவரும் அந்த வழியாத்தான் போயிருப்பாரா?"

"ஆமா," என்றேன். நடுவில் எத்தனை அணைகள் குறுக்கே நிற்கின்றன என்று சொல்லவில்லை. வகுப்பில் வரைபடத்தில் பிரம்பால் தொட்டுத் தொட்டு நான் காட்டுகிற அணைகள்தான் அவை.

ஆடி மாதம் தோட்டத்து ஆட்கள் திருகோணமலைக்கு ஒரு வேன் பேசினார்கள். கோணேசர் கோயில், புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, எல்லாம் ஒரே நாளில். நாங்கள் இருவரும் அதில் ஏறிக்கொண்டோம். நிச்சயமான பெண் கடல் பக்கம் போகக்கூடாது என்று அக்கா மகளை வீட்டிலேயே விட்டுவிட்டாள். தாலியில் இருந்த பொட்டுத் தங்கத்தை முன்பே மகளுக்கென்று எடுத்து வைத்துவிட்டாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. கோயிலில் அர்ச்சனை செய்து வாங்கிய தேங்காய் மூடி ஒன்றைச் சேலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நிலாவெளியிலிருந்து தீவுக்குப் படகில் கால்மணி நேரம். கரையில் கண்ணாடி முகமூடியும் மூச்சுவிடும் குழாயும் வாடகைக்குக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடலையே முதல்முறை பார்க்கிற அக்கா இதற்கெல்லாம் வரமாட்டாள் என்று நினைத்தேன். அவள்தான் முதலில் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். முகமூடியை மாட்டினாள், முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தாள்.

அப்படியே கிடந்தாள். மற்றவர்கள் நிமிஷத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, மீன் மீன் என்று கத்தினார்கள். அக்கா தூக்கவில்லை. கை கால் அசையவில்லை. முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முடி அவிழ்ந்து தலையைச் சுற்றி மிதந்தது. மதகு மதகாக நாங்கள் அன்று தேடிய உடல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீரை அடித்துக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவள் எரிச்சலோடு குழாயை வாயிலிருந்து எடுத்தாள். "ஏன்டா தொட்ட? பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"என்னத்தப் பாக்குற?"

"அடியில கவ்வாத்து வெட்டுன மலை இருக்கு தம்பி. ஒரு ஆளு இல்ல."

நானும் முகத்தைக் கவிழ்த்தேன். அவள் சொன்னது சரி. செத்த பவளங்கள், கிளையைக் கழித்துவிட்ட தேயிலைச் செடிகளைப் போல, சாம்பல் நிறத்தில் சரிவு முழுக்க நின்றன. நடுவில் நடப்பதற்கு விட்டதுபோல மணல் வழிகள். மேலே இருந்த கூச்சல் ஒன்றும் கேட்கவில்லை. என் மூச்சு மட்டும் குழாய்க்குள் இரைந்தது. பக்கத்தில் இன்னொரு மூச்சு. லயத்தில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் தூங்குவது கேட்குமே, அப்படி. அது அக்காவின் மூச்சு என்று தெரியும். ஆனாலும் தலையைத் தூக்கி அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டேன். அவள் மீன் பார்க்க வரவில்லை. தேட வந்திருக்கிறாள். அதைப் புரிந்துகொண்டதும் இங்கே அவளை அழைத்து வந்திருக்க வேண்டாமே என்று பட்டது.

மதியத்துக்குப் பிறகு மற்றவர்கள் வெந்நீரூற்றுக்குக் குளிக்கப் போனார்கள். நாங்கள் ஆட்டோ பிடித்து மூதூர்ப் பக்கம், மகாவலி கடலில் விழுகிற இடத்துக்குப் போனோம். அங்கே கண்டல் என்கிற அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப்போய்க் காட்டுவார்கள். படகுக்காரர் நரைத்த தாடி வைத்த முஸ்லிம் மனிதர். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. அதற்குப் பிறகு வழக்கமாகச் சொல்லும் பறவைக் கதை, முதலைக் கதை எதையும் சொல்லவில்லை.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே படகை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் கடலைப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் இலையைப் போட்டுப் பார்த்தேன். போனது. போதாதா?

அக்கா கயிற்றை அவிழ்த்தாள். இருபது வருடத்துக்கு மேலான முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். தேங்காய் மூடிக்குள் கயிற்றைச் சுருட்டி வைத்து, பூ போட்டு, கற்பூரம் ஏற்றித் தண்ணீரில் விட்டாள். பிறகு அந்தத் தண்ணீரையே அள்ளி நெற்றியைக் கழுவினாள். பொட்டு இல்லாத அவள் முகத்தை நான் அப்போதுதான் பார்க்கிறேன். வேறு யாரோ போல இருந்தாள்.

"திரும்பிப் பாக்காத," என்றேன். அஸ்தி கரைத்துவிட்டு வருகிறவர்களிடம் சொல்லும் வார்த்தை. எல்லா முறையும் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

படகு கண்டல் காட்டுக்குள் போனது. இரண்டு பக்கமும் கண்டல் வேர்கள் முழங்காலை மடித்துத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. கிளைகள் மேலே கூடிக்கொண்டதில் மூன்று மணி வெயிலே இருட்டிப்போனது. படகுக்காரர் இஞ்சினை நிறுத்தி, ஒரு வேரில் கயிற்றைக் கட்டினார். அடியில் எங்கேயோ டிக் டிக் என்று ஒரு சத்தம், நிற்காமல். இறால் வகை ஏதோ என்றார் அவர். நான் நம்பினேன், நம்பவும் இல்லை. அக்கா முன்னால், காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்தது அவள் முதுகுதான். அது லேசாகிவிட்டது போல எனக்குப் பட்டது. கல்யாணத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று பேச ஆரம்பித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன நான் திரும்பிப் பார்த்தேன்.

வளைவைச் சுற்றித் தேங்காய் மூடி வந்துகொண்டிருந்தது. கற்பூரம் அணைந்திருந்தது. வெள்ளைப் பருப்பு தெரிய, அவசரமில்லாமல், நேராக எங்கள் படகைப் பார்த்து வந்தது. கயிற்றின் ஒரு நுனி வெளியே தொங்கித் தண்ணீரில் இழுபட்டது. தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடல் காட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

சந்திரனையும் பூமியையும் கரும்பலகையில் வரைந்து, கடல் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. மச்சான் வீட்டுக்கு வருகிறார் என்றுதான் நினைத்தேன். துடுப்பை எடுத்து மூடியைத் தள்ளினேன். அது ஒரு சுற்றுச் சுற்றிப் படகின் மறுபக்கமாக வந்து பலகையில் இடித்தது. டக்.

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அக்கா இதைப் பார்த்தால் மறுபடியும் கட்டிக்கொள்வாள், கல்யாணம் நிற்கும், மழைக்கு மழை வாசலில் நிற்பாள். குனிந்து கயிற்றை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தேன். மூடியை வேர்களுக்கு நடுவில் செருகினேன். அக்கா பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு கொட்டகலைப் பெரியம்மா வீட்டுக்கும் பத்திரிகை வைக்க வேண்டும் என்றாள்.

கரையில் அவள் கால் கழுவப் போனபோது படகுக்காரர் என்னிடம் சொன்னார். "கடல் ஏறத் தொடங்குற நேரம் தம்பி அது. கொஞ்சம் முந்தி, தண்ணி இறங்கக்க விட்டிருந்தா போயிருக்கும். என்னட்ட ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே." வாத்தியார்கள் கேட்க மாட்டோம்.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நானும் என் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தோம். அக்கா நெற்றியில் ஒன்றுமில்லாமல், கூட்டத்துக்குப் பின்னால், ஒரு தூண் ஓரமாக நின்றாள். அந்த நாலு பேரும் வயிறாரச் சாப்பிட்டுப் போனார்கள்.

கயிற்றை எறிய எனக்குக் கை வரவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். வெயில் நாளில் அது காய்ந்து விறைத்துக் கிடக்கும். மூடுபனி இறங்கினால் நனைந்துவிடும். டின் மூடியை இறுக்கி வைத்தாலும் நனைந்துவிடும். உப்பு ஏறிய நூல் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதுவும் பாடத்தில் இருக்கிறது. ஆனாலும் திறக்கும்போதெல்லாம், இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல் கையில் ஒட்டுகிற அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மாலை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆற்றின் இரைச்சல் கூடியிருந்தது. அவள் வெளியே போய் நிற்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அது எங்க வச்சிருக்க?"

"எது?"

"படகு ஒரு பக்கமாச் சாஞ்சிச்சு. பின்னாடி நீ குனிஞ்ச. எனக்குத் தெரியாதா?"

"நீ திரும்பவே இல்லையே அக்கா."

"திரும்பிப் பாக்காதன்னு நீதானே சொன்ன. நான் திரும்பல. நீ குடுப்பேன்னு உக்காந்திருந்தேன்."

எழுந்துபோய் டின்னைக் கொண்டுவந்தேன். அவள் திறந்து, கயிற்றை விரலால் நசுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். கட்டிக்கொள்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொள்ளட்டும் என்றுகூட அப்போது வேண்டிக்கொண்டேன். அவள் டின்னை மூடி என் மடியில் வைத்தாள்.

"பதினெட்டு வருஷம் நான் வச்சிருந்தேன். இனி நீ வச்சிரு."

குடையை விரித்துக்கொண்டு தன் லயத்துக்குப் போய்விட்டாள். அந்த மழைக்கு அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மற்ற மழைகளுக்கும் திறக்கவில்லை.

இப்போது இரைச்சல் கூடினால் நான்தான் வெளியே போய் நிற்கிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன்.