துடைக்கப்பட்ட சொரீடியம்

செய்முறைத் தேர்வில் வைக்கப்பட்ட மாதிரி பழுதென்று தெரிந்தால், உள்தேர்வாளரும் வெளித்தேர்வாளரும் அன்றே குறிப்பெழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கேள்விக்கு அனைவருக்கும் முழு மதிப்பெண். இந்த விதி எனக்கு மனப்பாடம். எழுபத்தெட்டு ஏப்ரலில் அது எனக்கு உதவவில்லை.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆசிரியன், அந்தத் தேர்வில் உள்தேர்வாளன். செங்கம் சாலைப் புளிய மரத்திலிருந்து பட்டையோடு பெயர்த்து வந்த, பாசியும் பூசணமும் ஒன்றாய் வாழும் லைக்கனைத் தேர்வுக்கு வைத்திருந்தேன். அதன் மேல் மாவுபோல் படிந்திருப்பது சொரீடியம்: சில பாசிச் செல்களைப் பூசண இழை சுற்றிக்கொண்ட துகள். காற்றில் பறந்து, விழுந்த இடத்தில் புது லைக்கனாகும். அதைப் பார்த்து வரைய வேண்டும், ஐந்து மதிப்பெண்.

இருபத்துமூன்று பேர் வரைந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும், ‘இம்மாதிரியில் சொரீடியம் இல்லை’ என்று எழுதியிருந்தாள். வெளித்தேர்வாளர் பூஜ்யம் போட்டார். தேர்ச்சிக்கு மூன்று குறைந்தது. வேலூரில் அவளுக்கு பி.எட். இடம் கிடைத்திருந்தது, ஜூலை முப்பத்தொன்றுக்குள் தேர்ச்சிச் சான்று காட்டாவிட்டால் அது போய்விடும்.

லென்ஸில் பார்த்தேன். பட்டை கழுவிவிட்ட தட்டுபோல் இருந்தது. ஆய்வக உதவியாளரைத் தனியே கூப்பிட்டேன்.

“ஒரே தூசியா இருந்துச்சு சார். வெளியூர் சார் வராரேனு காலையிலயே ஈரத்துணியால தொடச்சி வச்சேன்” என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

வெளித்தேர்வாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

“இருபத்துமூணு பேருக்குத் தெரிஞ்சது இந்தம்மாவுக்கு மட்டும் தெரியலயா? நல்லா இருக்கு சார் உங்க கதை.”

“அவங்க என் நோட்ஸைப் பாத்து மனப்பாடம் பண்ணி வரைஞ்சவங்க.”

“அதை எழுதிக் கொடுப்பீங்களா? உங்க காலேஜ் பேர் என்ன ஆவும்னு யோசிங்க. நாலரை பஸ் போயிடும், கையெழுத்தைப் போடுங்க.”

போட்டேன். மதிப்பெண் பட்டியலில் என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிடத் தெளிவாக விழுந்தது.

மறுநாள் காலை, விதி கேட்ட இரண்டில் ஒரு கையெழுத்தோடு, ஒரு நாள் தாமதமாக, பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். துணி, தூசி, என் நோட்ஸ், என் கையெழுத்து எதையும் மறைக்கவில்லை. ஜூனில், நகல் மூன்று அனுப்பச் சொல்லி ஒரு தாள் வந்தது. அதைப் பதில் என்று நான் கணக்கில் வைப்பதில்லை. நகல் அனுப்பினேன், தந்தியும் அடித்தேன்.

ஜூலையில் அவள் வாரம் இருமுறை பஸ் ஏறி வந்தாள்.

“வந்துச்சா சார்?”

“இன்னும் இல்லம்மா.”

கடைசி வாரம் ஒருநாள் அவள் உடனே போகவில்லை.

“நானும் வரைஞ்சிட்டு வந்திருக்கணும்னு எங்கப்பா சொல்றாரு. நீங்க சொல்லுங்க சார், இல்லாததை எப்டி வரையறது?”

என்னிடம் விடை இருந்தது. சொல்லும் தகுதி இல்லை. அலுவலகத்தில் தபால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

முப்பத்தொன்றாம் தேதி அவள் வரவில்லை. வேலூர் இடம் வேறொருவருக்குப் போனது.

அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வழங்கி, அவள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கும் கடிதத்தில் ஜூலை இருபத்தெட்டு என்று தட்டச்சாகியிருந்தது. என் மேஜைக்கு அது வந்த நாள் ஆகஸ்ட் நான்கு.