ஆகாயத்தில் ஓர் எல்லைத் தகராறு

போன கிழமை உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு மேலால் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று தாழப் பறந்தது. சத்தத்திலேயே, டர்பைன் எஞ்சினால் காற்றாடி சுழலும் டர்போபுரொப் என்று தெரிந்துவிட்டது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவன் குழாயை அப்படியே போட்டுவிட்டு அண்ணாந்து நின்றேன்.

அந்த வகை விமானத்தின் வரலாறு எனக்குப் பிடித்தமானது. முதலில் அது பிஸ்டன் எஞ்சினோடு பறந்தது. பிறகு அதே உடம்பில் டர்பைன் எஞ்சின்களைப் பூட்டினார்கள், உள்ளே காற்றழுத்தம் கொடுத்தார்கள், உடலை நீட்டினார்கள், வாலை மாற்றினார்கள். நடுவில் மட்டும் கைவைக்கவில்லை. ஆசனங்கள் எதிரெதிரே, இடையில் மடக்கு மேசை. முதலாளிமார் பறந்துகொண்டே கூட்டம் வைக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தார் ஏறுவார்கள் என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

போரால் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் அப்படி ஒன்று யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. அதில் எனக்கும் உத்தியோகம். ஊரில் ‘விமானத்துறை’ என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் பயணிகளைத் தராசில் ஏற்றி நிறுத்து, பாரம் சமன்படும்படி இருத்துவதுதான் வேலை.

அந்த ஆவணியில் கொழும்பில் அக்காவுக்குக் கலியாணம். அம்மாவின் தமையனான பெரியமாமா எங்கள் பக்கத்து வளவுக்காரர். வேலித் தகராறில் அவருக்கும் என் தகப்பனான ஐயாவுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை.

“கலியாணத்துக்கு வருவன். கை நனைக்க மாட்டன். வேணுமெண்டா அவர் முதல் கதைக்கட்டும்” என்றார் மாமா.

“வேலியை எங்கடை பக்கம் அரக்கினவர் கதைக்கட்டும்” என்றார் ஐயா, சுவரிடம்.

தாய்மாமன் சாப்பிடாமல் போன கலியாணம் என்று சம்பந்திமார் சொல்வார்களே என்று அம்மாவுக்கு நித்திரை இல்லை.

புறப்படும் நாள் எல்லோரையும் தராசில் நிறுத்தேன். ஐயாவும் மாமாவும்தான் பாரம். பாரமானவர்கள் விமானத்தின் செட்டைக்கு, அதாவது இறக்கைக்கு அருகே, நடுவில் இருக்கவேண்டும் என்பது விதி. அது என் சூழ்ச்சி என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் பௌதிகம் படிக்காதவர்கள்.

முழங்கால் முட்ட எதிரெதிரே இருந்தார்கள். ஐயா முகிலைப் பார்த்தார். மாமா தலையில் இடிக்கும் கூரையைப் பார்த்தார். பின்னால் எனக்குப் பக்கத்தில் அம்மா வாய்க்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மன்னார்க் கடலுக்கு மேல் விமானம் குலுங்கியது. மேசையில் மாமா வைத்திருந்த பனங்காய்ப் பணியாரப் பொதி வழுக்கி ஐயாவின் பக்கம் வந்தது. ஐயா ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினார். அடுத்த குலுக்கலில் அது மறுபடி வந்தது.

“உது என்ரை பக்கம்” என்றார் ஐயா.

“எது உம்மடை பக்கம்? நடுவிலை மடிப்பு இருக்கெல்லோ, வடிவாப் பாரும்!” என்றார் மாமா.

“மடிப்பைத்தான் காட்டுறன். எல்லையைக் கண்டா உமக்குக் கை சும்மா இராது.”

“பிளேன் ஆடினதுக்கு நானோ பொறுப்பு?”

“அப்ப வேலியும் ஆடித்தானோ நகந்தது?”

“கதைச்சிட்டினம்!” என்று அம்மா கத்தினார். “முருகா, ரெண்டுபேரும் கதைச்சிட்டினம்!”

விமானமே திரும்பிப் பார்த்தது. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவர்தான் முதல் கதைச்சவர். எல்லாரும் சாட்சி!”

ஐயா பொதியை அவிழ்த்து ஒரு பணியாரத்தை வாயில் போட்டார். “என்ரை பக்கம் வந்தது என்ரைதான்.”

கலியாணத்தில் மாமா பாயசம் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். வேலிச் சண்டை மட்டும் தீரவில்லை. பின்னேரங்களில் இருவரும் வேலிக்கு இரு புறமும் நின்று நேருக்கு நேர் சண்டை பிடிப்பார்கள். அம்மா இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொடுப்பார்.

இப்போது மூவரும் இல்லை. மாமாவின் பிள்ளைகள் கனடாவில். வேலியைக் கறையான் தின்றுவிட்டது. எங்கள் பக்கம் எதுவரை என்று தெரியாததால் இரண்டு வளவையும் சேர்த்தே குப்பை கூட்டுகிறேன். “ஆரைக் கேட்டு இஞ்சாலை வந்தனி?” என்று அதட்ட அங்கே ஒருவரும் இல்லை.