மார்கஸ் கோச் கழற்றிய விசில்

போன சனிக்கிழமை. அமெரிக்காவின் பிளானோவில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பார்க். என் மகள் யாழினிக்கு ஃப்ளாக் ஃபுட்பால் பிராக்டீஸ்; பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பயப்படாதீர்கள் பிள்ளைகளே... இதில் யாரும் யாரையும் இடிக்கக் கூடாது. இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும்.

கோச் பெயர் மார்கஸ். ஒரு காலத்தில் டிவியில் வரும் பெரிய டீம்களில் வைட் ரிசீவர். அப்படியென்றால்? தலைதெறிக்க ஓடி, தூரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிக்கிறவர். பிடிக்கிற நொடியில் மலை மாதிரி ஒருவன் வந்து மோதுவான். அது தெரிந்தும் மார்கஸ் பந்தை விட்டதே இல்லையாம். அதற்குத்தான் அத்தனை கைதட்டல்!

வாங்கிய இடியெல்லாம் எங்கே போகும்? தலைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இந்த சீசனில் யாழினியை ‘டெவான்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். டெவான் அவருடைய பழைய டீம்காரர். பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கடுத்த வாரம், தன் கார் எது என்று தெரியாமல் பார்க்கிங்கில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

“பாவமாத்தான் இருக்கு அண்ணா” என்றார் டீமில் இருக்கும் ரோஹித்தின் அம்மா. “ஆனா ஒருநாள் ஏதாவது குழந்தைய இங்கயே மறந்துட்டுப் போயிட்டா? லீக் மேனேஜருக்கு மெயில் பண்ணிட்டேன்.”

“இந்த டீம் ஒண்ணுதாம்மா அவருக்கு மிச்சம்.”

“எனக்குத் தெரியாதா? அழுதுக்கிட்டேதான் அனுப்பினேன்.”

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

மார்கஸ் ஒருமுறை பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொன்னார். பெரிய டீம்களில் ‘நீ வேண்டாம்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களாம். காலையில் ஒருவர் வந்து, “கோச் கூப்பிடறார், பிளேபுக்கை எடுத்துக்கிட்டு வா” என்பாராம். ஆட்டத் திட்டங்கள் இருக்கிற புத்தகம் அது. அதைத் திருப்பிக் கேட்டால் கதை முடிந்தது! அவர் ஆடிய மூன்று டீமிலும் அப்படித்தான். “நாலாவது டீம் நீங்கதான். என்கிட்ட புக் எல்லாம் இல்ல, இந்த விசில்தான்” என்று ஊதிக் காட்டினார்.

அந்தச் சனிக்கிழமை லீக் மேனேஜர் வந்தார். கார் கதவை மெதுவாகச் சாத்தினார். தரையைப் பார்த்தபடி புல்லில் நடந்து வந்தார். இன்னும் பாதித் தூரம் இருந்தது...

மார்கஸ் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார். கயிற்றை அழகாகச் சுற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தன் காரையே மறந்த மனிதர். பிளேபுக் கேட்டு வருகிறவரின் அந்த நடையை மட்டும் மறக்கவில்லை.

“அப்பா, டிட் தே கட் ஹிம் அகெய்ன்?” என்றாள் யாழினி.

“ஆமாம்மா, டீமை விட்டு எடுத்துட்டாங்க.”

“பட் ஹீ நெவர் டிராப்ட் தி பால்!”

பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மூளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தலையா, பந்தா என்று வந்தால் — பந்து விழட்டும், பிள்ளைகளே.

குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.