ஜன்னலில் செருகிய புத்தகம்

இலங்கையின் ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களா இப்போது விடுதி. காற்றில் ஜன்னல் அடிக்காமலிருக்க ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தைச் செருகியிருக்கிறார்கள். எடுத்துப் புரட்டுகிறேன்.

அறை துடைக்க வந்த செல்வராணி, “அதுல என்னங்க எழுதியிருக்கு?” என்கிறார்.

“இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே மொழி பேசுறதால ஒரே குடும்பம், எப்பவும் சேர்ந்தே நிக்கணும்னு ஒரு பேராசிரியர் எழுதியிருக்காரு.”

“நீங்க எந்த ஊருங்க?”

“திருச்சி.”

“இந்தியாவும் இலங்கையும் பேசி எங்க தோட்டத்து ஆளுங்கள பங்கு போட்டப்ப, பெரியப்பாவ அங்கதான் அனுப்பினாங்க. இங்க அவரு இந்தியாக்காரரு. அங்கயும் பேசுறது இதே தமிழ்தான். ஆனா சாகுறவரைக்கும் சிலோன்காரருன்னுதான் கூப்பிட்டாங்களாம்.”

புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகுகிறேன். எங்கள் தெருவிலும் ஒரு சிலோன்காரர் இருந்தார். அவர் பெயர் எனக்குத் தெரியாது.