அணையத் தெரிந்த எஞ்சின்

"கீழ் வீட்டுலேர்ந்து இன்னொரு தடவை கம்ப்ளெயின்ட் வந்துதுன்னா மேசையைக் கழட்டிடணும். இதுல பேச்சே கிடையாது" என்றார் அப்பா. மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளை முடித்துவைத்தே பழகியவர். தீர்ப்பைச் சொன்னதும் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். பேச்சே கிடையாது என்று என் எதிரில் யார் சொன்னாலும் அதை நான் ஓர் அழைப்பாகவே எடுத்துக்கொள்வேன். பட்டிமன்றங்களிலும் ஆங்கில விவாதங்களிலும் நான் வென்ற கோப்பைகள் அப்பாவின் தலைக்கு நேர் மேலே, அலமாரியில்தான் இருக்கின்றன.

மேசை அண்ணனுடையது. தில்லி துவாரகாவில் எங்கள் ஃப்ளாட்டின் பின்னறையில் இரும்புக் கால்களின் மேல் ஒரு பெரிய ப்ளைவுட் பலகை. அதன்மேல் மாதிரி ரயிலுக்காக வளைந்து ஓடும் தண்டவாளம், இரண்டு நடைமேடை கொண்ட நிலையம், ஓர் எஞ்சின் ஷெட், தீக்குச்சிகளால் கட்டிய ஒரு தேநீர்க் கடை. அண்ணன் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவன். நாள் முழுவதும் முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவனுக்கு, கண்ணுக்கு முன்னால் ஒன்று உருவாகி நிற்பதைப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். மேசை போனால் அந்த அறையில் மிஞ்சுவது ஒரு மடிக்கணினியும் மூடிய கதவும்.

மேசையின் நாயகன் ஒரு சாண் நீளமுள்ள டீசல் எஞ்சின். அதன் வயிற்றில் டீகோடர் என்றொரு சில்லு உண்டு. அளவில் தபால்தலையை விடச் சிறியது. தண்டவாளத்தின் வழியாக வரும் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டுவது, விளக்கை எரிப்பது, உண்மையான எஞ்சினிடமிருந்து பதிவு செய்த ஓசைகளை எழுப்புவது எல்லாம் அதன் பொறுப்பு. அண்ணனிடம் இருந்தது பழைய டீகோடர். ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ அதற்குத் தெரியாது. மின்சாரம் வந்தால் உறுமும், நின்றால் ஊமை.

குற்றம் சாட்டியவர் எங்களுக்கு நேர் கீழே தனியாகக் குடியிருக்கும் மதுரைக்கார அக்கா. விமான நிலையத்தில் இரவுப் பணி, பகலில்தான் உறக்கம். "உங்க வீட்டு ரயில் சத்தத்துல கண்ணை மூட முடியலங்க" என்று லிஃப்டில் அம்மாவிடம் சொல்லியிருந்தார். இரண்டாவது முறை சொன்னபோது குரலில் மரியாதை மட்டும்தான் இருந்தது, சிரிப்பு இல்லை.

ஹார்ன்தான் காரணம் என்பதில் அண்ணனுக்கு ஐயமே இல்லை. ரயில் பிரியர்கள் எல்லோரும் முதலில் கேட்பதும் கடைசிவரை பேசுவதும் ஹார்னைப் பற்றித்தான். ஆகவே ஹார்னின் ஒலியைத் தனியாகக் குறைக்கக்கூடிய புது டீகோடரைத் தேடி இருவரும் கரோல் பாக்கில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைத்து, முதலாவதைச் சோதனைப் பலகையில் மாட்டினார். "ஹார்ன் சுனியே மேடம், ஹார்ன்!" என்று, ஹார்னைக் கேட்கச் சொல்லி, அவர் பொத்தானை அழுத்தியதும் தெருவில் போன ரிக்‌ஷாக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அண்ணனின் முகத்தில் காதல் வந்துவிட்டது. "இதுதான். வால்யூமைக் கம்மி பண்ணிக்கலாம்" என்றான்.

நான்தான் தடுத்தேன். எங்கள் விவாத மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: எதிரணியின் வாதத்தை, எதிரணியே 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும் சொற்களில் முதலில் சொல்லிக் காட்ட வேண்டும், அதன் பிறகே மறுக்கலாம். கீழ் வீட்டு அக்காவின் வாதம் என்னிடம் முழுமையாக இல்லை. லிஃப்டில் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது.

அன்று மாலையே கீழே போய் அழைப்பு மணியை அழுத்தினேன். அக்கா அப்போதுதான் எழுந்திருந்தார்.

"ஹார்னா?" என்றார். "ஏர்போர்ட்ல வேலை பாக்குறவளுக்கு ஹார்னெல்லாம் ஒரு சத்தமாம்மா? அடிச்சா அடிச்சிட்டுப் போகட்டும். இது வேற. மிக்ஸியைப் போர்வைக்குள்ள வச்சு ஓட்டுற மாதிரி, தலைமாட்டுலயே."

"ரயில் ஓடும்போதா அக்கா?"

"அதை நான் எங்க கண்டேன்? காலையில வந்து படுக்கிறேன், இருக்கு. மத்தியானம் முழிச்சுப் பாக்கிறேன், அப்பவும் இருக்கு. நானும் கேக்கணும்னே இருந்தேன், உங்க ரயிலு எந்த ஊருக்குத்தான்மா போகுது?"

அவருடைய படுக்கையறையில் நின்றபடி அண்ணனைக் கைபேசியில் அழைத்து ஹார்ன் அடிக்கச் சொன்னேன். தொலைவில் ஏதோ பறவை கூவியதுபோல் இருந்தது. ஆனால் அந்தக் கூவலுக்கு அடியில், கூரையிலிருந்து, தாழ்ந்த உறுமல் ஒன்று இறங்கிக்கொண்டே இருந்தது. "பவரை நிறுத்து" என்றேன். உறுமல் நின்றது. அக்கா கண்களை மூடிக்கொண்டார். "இதான் தங்கம். இதான் எனக்கு வேணும்."

ரயில் எந்த ஊருக்கும் போகவில்லை. நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. உண்மையான டீசல் எஞ்சினை நடைமேடையில் நிற்கும்போது பெரும்பாலும் அணைப்பதில்லை. அணைத்தால் மறுபடி உயிர்ப்பிப்பது பெரிய வேலை. அண்ணன் உண்மைக்கு அவ்வளவு விசுவாசமானவன். காலையில் மடிக்கணினியைத் திறக்கும்போது எஞ்சினுக்கும் உயிர் கொடுத்து, மாலை வரை பக்கத்தில் உறுமவிட்டு வேலை பார்த்திருக்கிறான். அது ப்ளைவுட்டில் இறங்கி, இரும்புக் கால்களில் இறங்கி, தரை வழியே அக்காவின் தலையணைக்கு வந்திருக்கிறது.

மேலே வந்து சொன்னபோது அவன் கொதித்தான்.

"பவரைக் கட் பண்ணச் சொல்றியா? தட்டினா அணையறதுக்கு அது என்ன ட்யூப்லைட்டா? டீசல் அப்படிச் சாகாது."

"வேற எப்படிச் சாகும்?"

"கடகடப்பு கொஞ்சம் கொஞ்சமாத் தளரும். உடம்பு ஒரு தடவை உதறும். கடைசியா ஒரு பெருமூச்சு விடும்."

"அப்ப அந்தப் பெருமூச்சு இருக்கிற டீகோடரா பாத்து வாங்கு."

"நடுப் பகல்ல எஞ்சினை அணைச்சிட்டு உக்காந்திருக்கணுமா? எந்த ஸ்டேஷன்ல நடக்கும்?"

"ஷெட்டுக்குப் போன எஞ்சினை அணைப்பாங்களா, மாட்டாங்களா?"

"அணைப்பாங்க..."

"அக்கா தூங்குற நேரம் ஷெட் நேரம்."

அவன் என்னை முறைத்தான். "வக்கீலம்மா" என்றான். எங்கள் வீட்டில் தோல்வியை ஒப்புக்கொள்ள அந்த ஒரு சொல்தான் வழக்கு.

மறுபடியும் கரோல் பாக். இந்த முறை ஹார்னைத் தொடவே வேண்டாம் என்றதும் கடைக்காரர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு, இரண்டு டீகோடர்களின் எஞ்சின்களும் எப்படி அடங்குகின்றன, எப்படி எழுகின்றன என்று மட்டும் கேட்டோம். ஊரையே ஒதுங்கவைத்த முதல் டீகோடர், அணைக்கச் சொன்னதும் மின்விசிறி போலச் சட்டென்று நின்றது. இரண்டாவதன் ஹார்ன் சாதாரணம். ஆனால் அடங்கும்போது அது தளர்ந்தது, உதறியது, பெருமூச்சு விட்டது. எழும்போது மணி அடித்து, இருமி, தடுமாறி, பிடித்துக்கொண்டது. ஒவ்வோர் ஓசையின் அளவையும் தனித்தனியே மாற்றவும் முடிந்தது. அண்ணன் முதலாவதை ஒரு கணம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பேச்சாளியாகிய எனக்கு அந்த இரண்டாவது எஞ்சின்மேல் தனி மதிப்பு. முழங்குவதற்குப் பலர் இருக்கிறார்கள். அழகாக முடிப்பவர்கள் குறைவு.

புது டீகோடரைப் பொருத்தி, உறுமலைக் குறைத்து, பழைய யோகா விரிப்பை வெட்டி மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தோம். அண்ணன் காலையில் எஞ்சினை ஷெட்டில் விட்டு அணைத்தான். மாலையில் அக்கா எழுந்திருப்பார் என்று தெரிந்த பிறகே உயிர் கொடுத்தான். நான் அப்பாவிடம் என் வாதத்தை முறைப்படி எடுத்துரைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா வாயால சொல்லட்டும்" என்றார். அக்கா எதுவும் சொல்லவில்லை. லிஃப்டிலும் தென்படவில்லை.

ஒரு மாலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அக்கா, அள்ளி முடிந்த தலையோடு. அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். மதியத்திலிருந்து முடியாத அலுவலக அழைப்பைக் காதில் மாட்டியபடி வெளியே வந்த அண்ணன், பின்னறைக் கதவை முதுகால் மறைத்து நின்றான்.

"ஏன் தம்பி, இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணலையா?" என்றார் அக்கா. "அந்த இருமல் லேசாக் கேக்கும்ல, அதைக் கேட்டுத்தான் டீக்கு அடுப்பு பத்தவைப்பேன். இன்னைக்கு அசந்துட்டேன். ஜல்தி பண்ணு, ஏர்போர்ட் கேப் வந்துரும்."

அண்ணன் அழைப்பைத் துண்டித்தான். அவரை உள்ளே அழைத்துப் போய்க் கட்டுப்பாட்டுக் கருவியை அவர் கையிலேயே கொடுத்தான். மணி அடித்தது, எஞ்சின் இருமியது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது. அக்கா பக்கத்துப் பொத்தானையும் அழுத்திவிட்டார். ஹார்ன்.

"இதுக்கா பயந்தீங்க?" என்று சிரித்தார்.

அறை வாசலில் வந்து நின்ற அப்பா மேசையைச் சற்று நேரம் பார்த்தார். "ஜன்னல் பக்கமா நகர்த்திப் போடுங்கோ. ஸ்டேஷனுக்கு வெளிச்சமே இல்லை" என்றார்.